மட்டையைப் போட்ட நாள்

பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். கிரிக்கெட்டிலிருந்து கல்லூரி பேஸ்பால் அணிக்கு வந்த ஜெசிந்தாவுக்கு அது மட்டும் கைவரவில்லை. சீசன் முழுக்க மட்டையோடுதான் ஓடினாள். "கீழ போடு ஜெசி, கீழ போடு!" என்று கத்திக் கத்தியே கோச்சுக்குத் தொண்டை கட்டிப்போனது.

அன்று கடைசி ஆட்டம். அது முடிந்தால் பரீட்சை, பிறகு ஆளுக்கொரு ஊர். ஜெசிந்தா ஓங்கி அடித்தாள். பந்து வெயிலுக்குள் ஏறிப் போனது. அப்போதுதான் முதன்முறையாக அவள் விரல்கள் தாமாகப் பிரிந்தன. வெறுங்கையோடு ஓடுவது இவ்வளவு லேசா என்று வியந்தபடியே களத்து மூலைகளில் இருந்த மூன்று பேஸையும் தொட்டு, புறப்பட்ட வெள்ளைக் கட்டத்துக்கே திரும்பி வந்தாள். யாரும் கத்தவில்லை. கோச் உட்பட எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

"பந்து இன்னும் எறங்கலக்கா," என்றாள் கட்டத்துக்குப் பின்னால் நின்ற எதிரணியின் கேட்சர், கையுறையை விரித்துப் பிடித்தபடி. "நீங்களும் கட்டத்த மிதிச்சிராதீங்க. மிதிச்சா ஆட்டம் முடிஞ்சிரும்."

ஜெசிந்தா தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள். குனிந்து செம்மண்ணில் தேடினாள். அவள் போட்ட மட்டையும் இன்னும் கீழே விழுந்திருக்கவில்லை.