தக்காளிப் பாத்தியில் சாரை

தக்காளிப் பாத்தியைச் சுற்றி நான் கட்டிய வலையில் பாம்பு மாட்டியிருந்தது.

என் மணிக்கட்டு கனம். ஆறடியாவது இருக்கும். பாதி உடம்பை நுழைத்த பிறகுதான் வழி இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் போகலாம் என்றால் செதில் விடவில்லை. முன்னால் போகப் போக நைலான் சதைக்குள் இறங்கியிருந்தது.

மணி ஒன்பது. இன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்?

பத்து மணிக்கு அக்கா வருகிறாள். அவள் வந்து பெட்டியை இறக்கினால்தான் நான் என் பெட்டியைத் தூக்க முடியும். மதியம் ரயில். நாளைக் காலை எட்டு மணிக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள்.

மூன்றரை வருடங்களில் நான் போன அதிகபட்ச தூரம் தெருமுனை மருந்துக்கடை. அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்ததிலிருந்து அவளை அரைமணி நேரத்துக்கு மேல் தனியாக விட்டதில்லை. இங்கே வந்து இருக்க அக்காவைச் சம்மதிக்க வைப்பதற்கே ஒரு வருடம் ஆனது. அத்தானிடம் வேறு தனியாகக் கெஞ்சினேன்.

அக்காவுக்குப் பாம்பு என்றால் உயிர் போய்விடும். சுருட்டி வைத்த தோட்டத்துக் குழாயைக்கூட நாலடி தள்ளிச் சுற்றிக்கொண்டுதான் போவாள். இது கண்ணில் பட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள்.

அம்மாவின் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது, தலைமாட்டில் அவள் போன். தோட்டத்தில் ஓர் அணில் ஓடினாலும் அவளுக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பதறவில்லை.

“சாரைடி. சொட்டு விஷம் கிடையாது. தலையில ஈரத்துணியப் போட்டுட்டு வால் பக்கத்துலேர்ந்து வெட்டு.”

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள். பக்கவாதம் அவள் வாயையும் மூளையையும் தொடவில்லை. பாம்புக்குத் தப்பான பெயர் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவள். அவள் சாரை என்றால் சாரைதான்.

நகம் வெட்டும் கத்தரிக்கோல்தான் வலைக்கும் தோலுக்கும் நடுவில் நுழைந்தது.

பாம்பின் மேல் எனக்குப் பெரிதாக இரக்கம் ஒன்றும் இல்லை. அவசரம்தான் இருந்தது. அதுவும் மாட்டிக்கொண்டது, நானும் மாட்டிக்கொண்டவள் என்றெல்லாம் உருகிக்கொண்டு நிற்க நேரம் இல்லை.

ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். முதலில் புஸ்ஸென்று சீறியது. அப்புறம் அடங்கிவிட்டது. அது அடங்கியதுதான் எனக்கு என்னவோ செய்தது. எத்தனை நேரம் முட்டியதோ, இனி ஆவது ஆகட்டும் என்று விட்டுவிட்ட மாதிரி கிடந்தது.

கழுத்துப் பக்கம் வந்ததும் அவசரத்தில் கத்தரிக்கோல் செதிலில் உரசியது. மெதுவாக, மெதுவாக என்றாள் அம்மா ஜன்னலிலிருந்து. சின்ன வயதில் எனக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரல். இவளை விட்டுவிட்டா போகிறேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை அப்படியே முழுங்கிவிட்டு வெட்டினேன்.

கடைசிக் கண்ணி அறுந்தபோது பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பாம்பு உடனே ஓடவில்லை. விட்டுவிட்டார்கள் என்பதை அதனாலேயே நம்ப முடியவில்லை போலிருக்கிறது. துணியை எடுத்ததும் சரசரவென்று வேலிக்குள் போய் மறைந்தது. நல்லவேளை, போய்த் தொலைந்தது.

வெட்டிய வலையைக் குப்பைத்தொட்டியின் அடியில் திணித்து மேலே பழைய செய்தித்தாளைப் போட்டேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். புதுச் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை சந்தோஷப்படுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பத்தரைக்கும் அக்கா வரவில்லை. அவள் போன்தான் வந்தது. அழுதிருப்பாள் போல, மூக்கடைத்திருந்தது.

“மன்னிச்சிடுடி, தைரியத்த வரவழைச்சுக்கிட்டுத்தான் கிளம்பினேன், முடியல, பாதி வழியில இறங்கித் திரும்பிட்டேன். காலைல ஆறு மணிக்கே அம்மா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. ஜன்னலுக்கு வெளியவே நல்ல பாம்பு படம் எடுத்து நிக்குதாமே.”

ஆறு மணிக்கு நான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா எங்கே வருகிறாள் என்றுகூட அம்மா கேட்கவில்லை. இடது கை மட்டும் போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தது.

கத்தியிருக்கலாம். கத்தினால் அவள் அழுவாள். அழுதால் நான்தான் கண்ணைத் துடைத்துவிட வேண்டும்.

முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவளைத் திருப்பிப் போட வேண்டும். நேரம் ஆகியிருந்தது. விழுந்துபோன கையை மடித்து வைத்து, இடுப்புக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். அவள் இன்னொரு கையால் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் படுக்க வைத்தேன்.