ஐந்தாவது பெயர்

"ஏண்ணே, கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டா இதை அடிச்சீங்க?"

மாஷிலோவின் மேசைமேல் சுவரொட்டியை விரித்து ஓங்கித் தட்டினாள் மொகாடி.

கார் கழுவும் கடை மாஷிலோவுக்குத் தொழில். செப்டம்பர் முதல் தேதி பிரிட்டோரியாவை ஒட்டிய மாமெலோடிப் பூங்காவில், டிஜேக்களை வைத்து நடத்தும் ஹவுஸ் என்ற ஆட்டப்பாட்டு இசை விழாதான் அவருக்கு உயிர்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார், எண்ணெய் வடியும் மக்வின்யா போண்டாவைக் கடித்துக்கொண்டே.

"நாலு ஆம்பளைங்க பேரு இருக்கு. ஒராத்திலே பேரு இருக்கு. என் பேரு எங்க?"

நாலு ஆண் டிஜே, ஒரு பெண் டிஜே. யார் போட்ட சட்டமோ, அந்தப் பக்கத்து மேடைகளில் அதுதான் வழக்கம். ஆறு வருஷமாக அந்த ஒற்றை இடம் மொகாடியுடையது. வானொலிக்காரர்கள் ஆள் பிடிக்க வருவது மாஷிலோவின் விழாவுக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் அவளுக்கு வருஷம் முழுக்க வேலை வரும்.

இந்த வருஷம் அந்த இடத்தில் ஒராத்திலே. கடைசி இரண்டு மணி நேரமும் அவளுக்கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஒராத்திலே திருநங்கை. முடி பின்னும் கடையில் வேலை செய்துகொண்டே, கடைக்காரியின் பழைய கம்ப்யூட்டரில் தாளம் கோத்துக் கோத்துப் பாட்டுத் தயாரிக்கக் கற்றவள். இன்றைக்கு அவள் பாட்டு ஓடாத டாக்சி பிரிட்டோரியாவில் கிடையாது.

காலையில் மொகாடி வந்த டாக்சியிலும் அதே பாட்டுதான். சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். டிரைவர் கூட்டிவைத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் காலே அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"சனங்க அவளைத்தானேம்மா கேக்கறாங்க" என்றார் மாஷிலோ.

"கேப்பாங்க, கேப்பாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சவங்கண்ணே. ஒரே ஹெட்போன், ஆளுக்கு ஒரு காது. அப்போ என்னை அக்கா அக்கான்னு சுத்தி வந்தா."

"இப்பவும் அக்கான்னுதான் சொல்றா."

"என் தட்டுச் சோத்தை எடுத்துக்கிட்டு அக்கான்னா இனிக்குமா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். அவ பெரிய ரோஷக்காரி! மூணு வருஷத்துக்கு முன்னாடி டர்பன்ல அவ்வளவு பெரிய மேடை கூப்பிட்டுச்சு. முதல் பாட்டு வந்தப்ப இருந்த பழைய ஆம்பளைப் பேரைப் போட்டாத்தான் கூட்டம் வரும்னாங்க. 'அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல'ன்னு போனை வெச்சுட்டு, திரும்ப முடி பின்னப் போனா. ரெண்டு வருஷம் மேடையே கிடையாது. அப்ப இருந்த ரோஷம், அடுத்தவ இடத்துல உக்காரும்போது எங்க போச்சு?"

வெளியே ஏதோ காருக்குத் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். மாஷிலோ அடுத்த மக்வின்யாவை எடுத்துக் கடித்தார்.

அது மொகாடியை இன்னும் கிளறிவிட்டது.

"முடிவாச் சொல்றேண்ணே. அவளை ஆம்பளைங்க கணக்குல எழுதுங்க. பொம்பளைங்க இடத்தை எனக்குக் கொடுங்க."

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கசந்தது. ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மாஷிலோ மெல்லுவதை நிறுத்தினார்.

"இதே வார்த்தை" என்றார். "காலையில இதே நாற்காலியில உக்காந்து ஒருத்தி சொல்லிட்டுப் போனா."

"பாத்தீங்களா! நான் மட்டும் சொல்லல. ஊருக்கே தெரியுது!"

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"உன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினா. நீ இந்தப் பேச்சுப் பேசினப்புறம் சொல்லாம இருந்தா எனக்குத்தான் பாவம். அவளோட ரெண்டு மணி நேரத்துல ஒண்ணை உனக்குக் கொடுக்கச் சொன்னா. ஒரு பொம்பளைக்கு மேல போட்டா, பணம் போடற கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான்னேன். எவ்வளவோ சண்டை போட்டுப் பாத்தா. நான் அசையல. கடைசியில பேனா கேட்டா."

கம்பெனிக்கு அனுப்பும் டிஜே பட்டியல் அது. இரண்டு பத்தி. ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு.

பெண்கள் பத்தியில் ஒராத்திலே என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் மொகாடி என்று எழுதியிருந்தது.

ஆண்கள் பத்தியில் நாலு பெயருக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு பெயர். சுழித்துச் சுழித்து எழுதும் அந்தக் கையெழுத்தை மொகாடிக்கு நன்றாகத் தெரியும். ஒராத்திலே தன் பெயரைத் தானே எழுதியிருந்தாள்.

"'அக்காவுக்கு அந்த மேடையை விட்டா வேற இல்லண்ணே, ஒரு நாளுக்குத்தானே, என்னை ஆம்பளைங்க கணக்குல வெச்சுக்கோங்க'ன்னா" என்றார் மாஷிலோ.

மொகாடி அந்த ஐந்தாவது பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்க ரப்பர் இருக்காண்ணே?"

"பேனாவுல எழுதினதும்மா. அழியாது."

"அப்ப பேனாவைக் கொடுங்க."

அந்தப் பெயரை அடித்தாள். தாள் கிழியும் அளவுக்கு அடித்தாள். பிறகு பெண்கள் பத்தியில், தன் பெயருக்கு மேலே கிடைத்த கொஞ்ச இடத்தில், ஒராத்திலே என்று நெருக்கி எழுதினாள்.

"கம்பெனிக்காரன் வந்து என்னைக் கேப்பானேம்மா?"

"ரெண்டு வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."