ஆகாய மாப்பிள்ளை

"விமானம் ஓட்டுற கேமுக்குக் கம்ப்யூட்டர் வேணும். மேகம் அசல் மாதிரி தெரியணும். இன்னைக்கே வேணும், என் மானப் பிரச்சினை" என்றார் கோட்டுக்காரர்.

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "பெரிய கிராபிக்ஸ் கார்டாவே போட்டுடலாம் சார். ஓட்டுறதுக்கு ஜாய்ஸ்டிக்?"

"வேண்டாம். தானா பறக்கட்டும்."

"சத்தமே வராத ஃபேன் இருக்கு..."

"இருக்கிறதிலேயே இரையுற ஃபேனைப் போடுங்க!"

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் மாட்டி, ஓட்டிக் காட்டினார். திரையில் விமானத்தின் இறக்கை. கீழே மேகக் கூட்டம். அந்த நேரம் பார்த்து மாமனார் வீடியோ காலில் வந்தார். கோட்டுக்காரர் திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மாமா, அவசர மீட்டிங். பறந்துட்டிருக்கேன்!"

"அடடா! உங்க மச்சினி இன்னைக்கு வீடு மாத்துறாளே, பீரோ தூக்க நீங்க போவீங்கன்னு நினைச்சேன் மாப்பிள்ளை. நானும் ஃபிளைட்லதான் இருக்கேன்!"

மாமனாருக்குப் பின்னாலும் இறக்கை, மேகம்.

பக்கத்திலிருந்து போனை எட்டிப் பார்த்த கடைக்காரர், பேச்சு முடியும்வரை காத்திருந்தார்.

"போன வாரம் அவருக்கும் நான்தான் சார் கொடுத்தேன். பெரிய கார்டா போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்கலை. பார்த்தீங்களா, மேகம் நகரவே மாட்டேங்குது!"