ஒரு மரமும் வெட்டாத வீடு

நின்ற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தேன்.

மேசைமேல் கட்டடக்கலைத் தேர்வுக்கான என் மாடல். நடுக்காட்டில் ஒரு சின்ன வீடு. கூரையில் சோலார், அடியில் மழைநீர்த் தொட்டி, மண்ணை மிதிக்காமல் ஆறு ஒல்லிக் கால்கள். ஒரு மரம் குறுக்கே வந்தது என்று சமையலறையையே வளைத்திருந்தேன்.

எதிரே தேர்வாளர். மார்க்கை வெட்டுவதால் நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

போன வருடமும் இவர்தான். "காடு எங்கப்பா? பாலைவனத்துல பொட்டிக்கடை வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கவிழ்த்துவிட்டார்.

இந்த முறையும் கவிழ்ந்தால் அப்பாவின் டைல்ஸ் கடை. எனக்கென்று அங்கே சுழல் நாற்காலிகூட வாங்கிப் போட்டாயிற்று.

ஆகவே இந்த முறை முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.

கத்தரிக்கோல் குனிந்து ஒரு மரத்தைத் தடவினார். பட்டை நிஜம். இலை நிஜம். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"பிளாஸ்டிக் ஒண்ணுகூட இல்ல சார்" என்றேன். ஜன்னலை மறைத்து நின்றுகொண்டேன்.

அவர் கழுத்தைத் துடைத்தார். "என்னடா இது, இந்த ரூம்ல இவ்வளவு வெயில் அடிக்காதே?"

திரையை இழுக்கப் போனேன். கொக்கி என் கையோடு வந்துவிட்டது.

"விடு, வண்டியப் பாத்துக்கறேன். வாட்ச்மேன்கிட்ட சாவியக் குடுத்து மரத்தடியில போடச் சொன்னேன்."

என்னை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி மாடலைப் பார்த்தார். மறுபடி வெளியே பார்த்தார்.

"தூக்கிட்டுக் கீழ வா."

இப்போது அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் சீட்டுக்கு மேலே இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறேன். நிழல் சரியாக விழுகிறது.

எனக்குப் பின்னால், கல்லூரியின் ஒரே மரம் கிளையும் இலையும் இல்லாமல் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறது.

வெயில் தாழ்ந்ததும் மார்க் சொல்வாராம். ஆடாமல் அசையாமல் நிற்கிறேன்.