ஆறே ஆறு பாயிண்ட்

“அது செல்லாது” என்று மரத்தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளியின் குரல் வந்தது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பேசிப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றுவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

அடுத்த புதன்கிழமை கூலிக் கமிட்டி வருகிறது. குறைந்தபட்சக் கூலியைக் கால் பங்கு கூட்டலாமா, வேண்டாமா என்று இரண்டு தரப்பையும் விசாரிக்கப் போகிறார்கள். தெருவில் இருந்த ஒன்பது சலவைக் கடைகளின் தொழிலாளிகளும் சேர்ந்து, நீதான் பேசணும் என்று அக்காவைத் தள்ளிவிட்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. அதனால்தான் தேய்த்துக்கொண்டே பேசிப் பார்த்தாள்.

முதலாளிகள் தரப்பில் பேச வேண்டியவர் இவளுடைய முதலாளியேதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் பில் எழுதிக்கொண்டிருந்தார். எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் சொல்வார். தெருவில் அவர் பெயரே ‘பாயிண்ட்’. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, “துணியை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாச்சா?” என்று கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“ஏம்மா, கூலி கூடினா சலவை ரேட்டும் கூடும். கஸ்டமர் வீட்டுலயே துவைச்சுக்குவான். அப்புறம் நீ யார் சட்டையைத் தேய்ப்பே? இது ஒண்ணு. முதல்ல இதுக்குப் பதில் சொல்லு.”

அக்கா பெட்டியை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

கூலி கூடினால், விடிகாலை நாலு மணிக்கு ஓர் ஆபீஸில் மூன்று மாடி பெருக்கும் வேலையை விட்டுவிடலாம். தூங்கலாம். இப்போது நின்றபடியே தூங்கி, இந்த வருஷத்தில் இரண்டு சட்டையைக் கருக்கியாகிவிட்டது. போன மாதம் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் நழுவிவிட்டார்.

“நான் மட்டும் கூட்டினா எதிர்க்கடை என்னை முழுங்கிடும். எல்லாரும் கூட்டட்டும், நானும் கூட்டுறேன்.”

கடையில் துவைக்கிற அண்ணனுக்கு வயிறு எரிந்தது. “பேசிப் பார்க்கக்கூட விட மாட்டேங்குறாரே. என்ன மனுஷன்க்கா இவரு?” என்றார்.

மறுநாள் அக்கா பதிலோடு வந்தாள். தடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

“சரி. ரெண்டு” என்றார் முதலாளி.

இப்படியே ஆறு பாயிண்ட். பதில் நொண்டியடித்தால் விட மாட்டார். கமிட்டிக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள் என்று நக்கலடிப்பார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நாள் வேறு பதில் கொண்டுவருவாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஆறாவதையும் ஒருவழியாக முடித்தாள்.

புதன்கிழமை கமிட்டி முன்னால் முதலாளி வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். அக்கா தேய்த்துக் கொடுத்ததுதான். அவளோ முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “ஒண்ணு” என்று ஆரம்பித்தார். கூலி, ரேட், கஸ்டமர். அதே வார்த்தைகள். அக்கா முந்தானையை விட்டு நிமிர்ந்தாள்.

“போன வருஷம் ரெண்டு தடவை ரேட்டைக் கூட்டினாங்க. எங்க கூலி கூடலை. ஒரு கஸ்டமர்கூட வீட்டுல துவைக்கப் போகலைங்க.”

இரண்டாவது, மூன்று பேர் வேலையை இரண்டு பேரை வைத்துப் பார்க்க வேண்டிவரும் என்பது.

“இப்பவே நாலு பேர் வேலையை மூணு பேர் செய்யுறோம். இன்னும் ஒரு ஆளைக் குறைச்சா முதலாளிதான் வந்து தேய்க்கணும். அவருக்குக் காலர் தேய்க்க வராதுங்க.”

கமிட்டித் தலைவர் சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ஆறாவது, சின்னக் கடைகள் தாங்காது என்பது.

“எல்லாரும் கூட்டினா நானும் கூட்டுறேன்னு எங்க முதலாளியே சொல்லியிருக்காரு. எல்லாரையும் கூட்டச் சொல்லத்தாங்க நாங்க வந்திருக்கோம்.”

முதலாளி காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கூலி கூடும் என்று கமிட்டித் தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

எதிர்க்கடைக்காரர்தான் முதலாளிகள் சங்கத் தலைவர். வாசலிலேயே முதலாளியை மடக்கினார்.

“பாயிண்ட்டுன்னு பேரு வச்சுக்கிட்டு ஆறே ஆறாய்யா? அதுக்கு மேல ஒண்ணுகூடவா உனக்குத் தோணலை?”

“தோணலைங்க” என்று இவர் தலையைச் சொறிந்தார்.

அக்கா முதலாளியைத் தேய்த்து மடித்து அடுக்கிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சிரிப்பு. அதிகம் சிரித்தவர் துவைக்கிற அண்ணன்.

மறுநாள் அந்த வெள்ளைச் சட்டை சலவைக்கு வந்தது. கடைச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். அக்கா பையைத் தடவிப் பார்த்தாள். காகிதம் கையில் வந்தது. பிரித்தாள்.

ஆறு பாயிண்ட், ஆறுக்கும் நேராக ஒரு டிக். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது.

‘7. இதே கூலிக்கு வர வெளியில் நிறையப் பேர் காத்திருக்கிறார்களே?’

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். இதைக் கேட்டிருந்தால் அங்கேயே ஊமையாகியிருப்பாள்.

அந்த வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: ‘கேட்கக் கூடாது. இதற்கு அந்தம்மாவைப் பழக்க நாள் போதவில்லை.’