நாளைய நிறம்

மூன்று மணிக்குள் நாளைய காற்று மாசு எச்சரிக்கையின் நிறத்தை அவள் ஊருக்கு அறிவித்தாக வேண்டும். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. ஜன்னலில் வெயில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி பாதிதான் தெரிகிறது. கணினித் திரையில் நுண்துகள் கோடு மேலேறிச் சிவப்பில் முட்டி நிற்கிறது. சிவப்பு என்றால் யாரும் வெளியே வரக்கூடாது; ஆரஞ்சு என்றால் கவனமாக வரலாம். போன வாரம் இதே கோட்டை நம்பிச் சிவப்பு கொடுத்தாள்; பள்ளிகளை மூடினார்கள்; இரவோடு இரவாக எங்கிருந்தோ காற்று வந்து வானத்தைத் துடைத்துவிட்டுப் போனது. திட்டி வந்த கடிதங்கள் இன்னும் மேசையில் கிடக்கின்றன. "ஆரஞ்சே போடும்மா. இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்க முடியாது" என்கிறார் மேலதிகாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. வாதாட அவளுக்குத் தெம்பில்லை. சிவப்பை அழித்துவிட்டு ஆரஞ்சு என்று தட்டுகிறாள். ஆடை படிந்த டீக்குப் பக்கத்தில் கைபேசி அதிர்கிறது. தம்பி. "அக்கா, நாளைக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம். ரெண்டு நாளா இழுப்பு இல்ல. அனுப்பட்டுமா?" "வேணாம்டா. ஜன்னலைக்கூடத் திறக்காதே." யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிடுகிறது. "அப்போ சிவப்பாக்கா?" அவள் திரையைப் பார்க்கிறாள். "இன்னும் அனுப்பலடா" என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். மேலதிகாரி துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைக்கிறார். "நானும் நாளைக்குப் பேரனை ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம்னு காலையிலேயே வீட்ல சொல்லிட்டேன்" என்கிறார், தலை நிமிராமல். மூன்று மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.