ஒரே சத்தம்

கெல்வின் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகக் கோப்பை இறுதிச்சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது ஜெனீவாவில். அவன் கால் வைக்கும்போதெல்லாம் அதிர்ந்தது தூத்துக்குடியில், மாடி வீட்டுக் கூடத்தில் விரித்திருந்த பாய். இறுதிச்சுற்றுக்கு வந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் போட்டிக் குழு இப்படி, அங்கே மிதிப்பதை இங்கே அப்படியே அதிர்வாகத் தரும் ஒரு பாயை அனுப்பிவிடும்.

அவன் அம்மா அமலோற்பவத்துக்குத் திரையைப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாயில் வெறுங்காலோடு நின்றாள். காலையிலேயே கீழ்வீட்டு வேதநாயகத்திடம் போய், "அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் சத்தம் வரும்" என்று சொல்லியிருந்தாள்.

"என்னைக்கு வராம இருந்துச்சு?" என்றார் அவர்.

சின்ன வயதில் கெல்வின் கூடத்தில் கரணம் போடும்போதெல்லாம் அவர் ஒட்டடைக் கம்பால் சீலிங்கை இடிப்பார். பிறகு படியேறி வந்து அலுத்துக்கொள்வார். "குதிக்கட்டும், வேண்டாங்கல. ஒரே சத்தத்தோட நிக்கச் சொல்லுங்க. தடுமாறி இன்னொரு மிதி மிதிக்கான்லா, அதுலதான் என் தூக்கம் போவுது."

ஆண்களின் தரைப் பயிற்சிக்கு இசை கிடையாது. பாயில் காலடிகள் மட்டுமே வந்தன. ஓட்டம், கரணம், மறுபடி ஓட்டம். கடைசித் தாவலில் அதிர்வு சட்டென்று அடங்கியது. மகன் அந்தரத்தில் இருக்கிறான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தொம்.

இரண்டாவது மிதிக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

மதிப்பெண் வருவதற்கு முன்பே காலுக்கடியில் தட்டும் சத்தம் கேட்டது. பாயிலிருந்து அல்ல, கீழ்வீட்டிலிருந்து. ஒட்டடைக் கம்பு நிறுத்தாமல் தட்டிக்கொண்டேயிருந்தது.